தாது வருடத்து வீடு: தஞ்சைப் பகுதியில் பூர்வீக வீட்டின் வரலாற்றையும் வம்சாவளியையும் எப்படித் தேடுவது?

மேலத்தெரு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பூர்வீக வீடு மாயவரம் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று தெருவிலிருந்து பின்வாய்க்கால் வரை நீளும் பழைய அமைப்பு. இப்போது அங்கே என் பெரியப்பா மட்டும் குடியிருக்கிறார். வீட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பது பங்காளிகள் கூடித் தீர்மானிக்க வேண்டிய விஷயம். எப்படி முடிந்தாலும், அதற்கு முன்பாக இந்த வீடு எப்போது, யாரால் கட்டப்பட்டது, யார் யார் இதில் வாழ்ந்தார்கள் என்பதை ஆதாரத்தோடு எழுதி வைக்க விரும்புகிறேன்.

கையில் இருப்பவை குறைவு. 1911ஆம் ஆண்டு இரண்டு சகோதரர்கள் எழுதிக்கொண்டு பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று, பிற்காலத்து வீட்டு வரி ரசீதுகள் சில, இதுவரை யாரும் படித்துப் பார்க்காத ஓலைக் கட்டு ஒன்று. பெரியப்பா சொல்லும் வாய்மொழிச் செய்திகள் மூன்று. வீடு தாது வருடத்தில் கட்டப்பட்டது என்பது முதலாவது. எங்கள் முன்னோர் பாண்டிய நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது இரண்டாவது. ஆறு தலைமுறை ஆண்களின் பெயர்ப்பட்டியல் மூன்றாவது. அதில் இரண்டே பெயர்கள் மாறி மாறி வருவதால், ஒரு தலைமுறை விடுபட்டிருந்தாலும் இரட்டித்திருந்தாலும் எனக்குத் தெரிய வழியில்லை. பெண்களின் பெயர்களோ என் பாட்டிக்கு மேலே ஒன்றுகூட இல்லை.

1911க்கு முன்னால் எப்படிப் போவது? வீட்டுக்குப் பழைய பட்டா கிடைக்குமா? வாய்மொழிச் செய்திகளை எந்த அளவுக்கு நம்பலாம்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பத்திரப்பெட்டி

வணக்கம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டின் வரலாறும் வம்சத்தின் வரலாறும் இரண்டு தனித்தனி நூல்கள். உங்கள் முன்னோர் அந்த ஊருக்கு வந்த பல தலைமுறைக்குப் பின் அந்த மனையைக் கிரயம் பெற்றிருக்கலாம். அல்லது வேறொருவர் கட்டிய வீடு பெண் வழியாகவோ கடன் வழியாகவோ உங்கள் குடும்பத்துக்கு வந்திருக்கலாம். இரண்டையும் தனித்தனியே ஆவணங்களால் கட்டியெழுப்பி, பிறகு எங்கே பொருந்துகின்றன என்று பாருங்கள். தொடக்கத்திலேயே கலந்துவிட்டால், ஒன்றில் உள்ள இடைவெளியை மற்றதிலுள்ள ஊகம் நிரப்பிவிடும்.

தாது வருடத்தை எடுத்துக்கொள்வோம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1876 ஏப்ரலில் தொடங்கியது, பின்னர் 1936 ஏப்ரலில் தொடங்கியது. 1911ஆம் ஆண்டுப் பத்திரத்தில் இந்த வீடு ஏற்கெனவே பிரிக்கப்படுவதால், முதலில் கட்டிய காலம் 1936ஆக இருக்க முடியாது. அப்படியென்றால் 1876 என்று உடனே எழுதிவிடலாமா என்றால், அதிலும் நிதானம் வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்துக்குத் தாது வருடப் பஞ்சம் என்றே பெயர். அந்தப் பெயர் மக்கள் நினைவில் ஆழமாக நின்றுவிட்டதால், அதற்குச் சில ஆண்டுகள் முன்னும் பின்னும் நடந்தவையும் அதன்மேல் ஏற்றிச் சொல்லப்படுவது உண்டு. காவிரிப் பாசனம் இருந்ததால் தஞ்சைப் பகுதி மற்ற மாவட்டங்களைப் போலச் சிதையவில்லை. நெல் விலையும் ஏறியிருந்தது. ஆகவே கையில் நெல் வைத்திருந்த குடும்பம் அந்த ஆண்டில் வீடு கட்டியிருப்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் நடக்கக்கூடியது வேறு, நடந்தது வேறு.

1911ஆம் ஆண்டுப் பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். முன்னுரைப் பகுதியில் சொத்து எப்படி வந்தது என்று எழுதியிருப்பார்கள். பிதுரார்ஜிதம் (தகப்பன் வழிச் சொத்து) என்று மட்டும் இருந்தால் குறைந்தது ஒரு தலைமுறை பின்னால் போகலாம். முந்தைய கிரயத்தின் தேதியையே குறிப்பிட்டிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. சொத்து விவரத்தில் மனையின் நீள அகலமும் நான்கெல்லையும் இருக்கும். அந்த எல்லைகளில் வரும் அண்டை வீட்டாரின் பெயர்கள் மிக முக்கியமானவை, ஏனென்றால் உங்கள் குடும்பத்துப் பத்திரம் தொலைந்திருந்தாலும் அண்டை வீட்டாரின் பழைய பத்திரத்தில் உங்கள் முன்னோர் எல்லையாக நின்றுகொண்டிருப்பார். பழைய எழுத்தில் ௸ என்ற குறி வந்தால் ‘மேற்படி’ என்று பொருள். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௹ ரூபாய். நில அளவு மா, குழி என்று இருக்கும். உங்கள் பகுதியில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். பங்குகளில் காணி, முக்காணி, அரைமா போன்ற பின்னங்கள் வந்தால் மிரள வேண்டாம்: காணி 80இல் 1, முக்காணி 80இல் 3, அரைமா 40இல் 1.

அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். நம் மாகாணத்தில் பத்திரப்பதிவு 1865இல் தொடங்கியது. இணையத்தில் வில்லங்கச் சான்று கிடைப்பது பிற்காலத்துக்கு மட்டுமே. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு, நேரில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். அசையாச் சொத்துகள் 1ஆம் புத்தகத்திலும் உயில்கள் 3ஆம் புத்தகத்திலும் பதிவாகியிருக்கும். ஆட்களின் பெயரால் ஓர் அட்டவணையும் சொத்தின் பெயரால் மற்றோர் அட்டவணையும் உண்டு. இரண்டிலும் தேடச் சொல்லுங்கள். உங்கள் ஊர் அந்தக் காலத்தில் எந்தச் சார்பதிவகத்தின் எல்லையில் இருந்தது என்பதை 1911ஆம் ஆண்டுப் பத்திரத்தின் முத்திரையே சொல்லிவிடும். கிரயமே தென்படாமல் போனால் அதற்கும் காரணம் இருக்கிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டப்படி 100 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சொத்தைப் பதிவு செய்யாமலேயே கைமாற்றலாம். அந்தக் காலத்தில் சிற்றூர் மனைகள் பல அந்த வரம்புக்குள் அடங்கியவை.

பட்டாவைப் பற்றிக் கேட்டீர்கள். வீட்டு மனை ஊர் நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கான இடத்தில், இருந்தால் பழைய பட்டா இருக்காது. நத்தத்துக்குத் தனித்தனிப் பட்டா கொடுத்தது பிற்காலத்து நத்தம் நிலவரித் திட்டத்தில்தான். ஆனால் குடும்பத்தின் நஞ்சை, புஞ்சைக்குப் பழைய பதிவுகள் உண்டு. தஞ்சை மாவட்டத்தில் முறையான அளவையும் ரயத்துவாரி செட்டில்மெண்டும் (நிலம் வைத்திருப்பவருக்கு அரசு நேரடியாக வரி நிர்ணயிப்பது) 1890களில் நடந்தன. அந்தச் செட்டில்மெண்ட் பதிவேட்டில் உங்கள் ஊரின் சர்வே எண்ணுக்கு நேரே பட்டாதாரர் பெயர் இருக்கும். பழைய நில ஆவணங்களில் ஆங்கில ஆண்டுக்குப் பதிலாகப் பசலி (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு) எழுதியிருந்தால் அதனுடன் 590 கூட்டுங்கள். பசலி 1300 என்பது 1890 ஜூலையில் தொடங்கிய ஆண்டு. நிலம் இனாமாக, அதாவது வரிச் சலுகையோடு கொடுக்கப்பட்ட மானியமாக, இருந்திருந்தால் 1860களில் தயாரான இனாம் பதிவேடு பெரும் புதையல், ஏனென்றால் அதில் இனாம் எப்போது, யாரால், எதற்காகக் கொடுக்கப்பட்டது, அப்போது யார் அனுபவித்தார் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். இவற்றை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் மாவட்ட ஆட்சியரகப் பதிவறையிலும் விசாரியுங்கள். மராட்டியர் காலம் வரை போக வேண்டுமென்றால் மோடி எழுத்து (மராத்தியை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து) ஆவணங்கள் இருக்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் அரண்மனை நிர்வாகத்தைச் சேர்ந்தவை. ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு அங்கிருந்து தொடங்குவது வீண் உழைப்பு.

சுண்ணாம்புக்காரை

பத்திரம் சொல்லாததை வீடே சொல்லும். பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சில குறிப்புகள்.

முதலில் கூரை. ஓடுகளைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். குயவர் செய்த நாட்டு ஓட்டில் எழுத்து இருக்காது. சீமை ஓடு என்று நாம் சொல்லும் மங்களூர் ஓட்டில், அதைச் செய்த ஆலையின் பெயர் அச்சாகப் பதிந்திருக்கும். அந்த வகை ஓட்டுக்கு முதல் ஆலையைப் பாசல் மிஷன் மங்களூரில் 1865இல் தொடங்கியது. மாயவரம் வழியாக ரயில் வந்தது 1870களின் பிற்பகுதியில். ஆகவே 1876இல் உங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குச் சீமை ஓடு வேய்ந்திருப்பார்கள் என்று நம்புவது கடினம். சீமை ஓடு இருக்கிறது என்பதனால் வீடு புதியது என்றும் ஆகாது, ஏனென்றால் கூரை மாற்றுவது எல்லா வீட்டிலும் நடப்பது. ஆனால் கூரையைத் தாங்கும் சட்டம் எந்த ஓட்டுக்காகச் செய்யப்பட்டது என்பதை மரமே காட்டிக்கொடுத்துவிடும். நாட்டு ஓட்டுக்குக் கைமரங்களின் மேல் நெருக்கமாக மூங்கில் வரிச்சு அல்லது மெல்லிய சட்டம் அடிப்பார்கள்; சீமை ஓட்டுக்கு ஓட்டின் நீளத்துக்கு ஏற்ற இடைவெளியில் ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) அடிப்பார்கள். பழைய ஆணித் தடங்கள் நெருக்கமாகவும் இன்றைய ரீப்பர்களின் இடைவெளி அகலமாகவும் இருந்தால், கூரை பின்னால் மாற்றப்பட்டது என்று பொருள்.

அடுத்தது சுவர். எங்காவது பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல்லின் நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் செங்கல் அளவு மாறினால் அவை வெவ்வேறு காலத்தவை என்பதற்கு அது வலுவான அறிகுறி. காரை சுண்ணாம்பா, சிமெண்டா என்பதையும் பாருங்கள். இரண்டு கட்டுகள் சேரும் இடத்தில் செங்கற்கள் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றனவா, அல்லது ஒரு சுவரின் மேல் மற்றது வெறுமனே சாய்ந்து நிற்கிறதா என்பது எல்லாவற்றையும் விட உறுதியான சான்று. தூண்களின் அலங்காரத்தை வைத்துக் காலம் கணிப்பதை நான் ஏற்க மாட்டேன். ஒரு வீடு இடிந்தால் அதன் தூணும் கதவும் நிலையும் அடுத்த வீட்டுக்குப் போவது நம் வழக்கம், ஆகவே வீட்டைவிடத் தூணுக்கு வயது அதிகமாக இருக்கலாம்.

மேலத்தெரு

இருவருக்கும் மிக்க நன்றி. ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

1911ஆம் ஆண்டுப் பத்திரத்தில் வீட்டின் விவரம் கூடம், முற்றத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் உள்ள இடம் முழுவதும் கொல்லை என்றே எழுதப்பட்டிருக்கிறது. இன்று அந்த இடத்தில்தான் இரண்டாங்கட்டு நிற்கிறது. இரண்டாங்கட்டின் சுவர் கூடத்துச் சுவரோடு பின்னவில்லை, ஒட்டி நிற்கிறது. செங்கல் அளவும் வேறு. இரண்டாங்கட்டு முழுவதும் சீமை ஓடு, முன்கட்டில் பாதி இன்னும் நாட்டு ஓடு. ஆகவே இரண்டாங்கட்டு 1911க்குப் பின் எழுந்தது என்பது உறுதியாகிறது. பெரியப்பா கேள்விப்பட்ட தாது வருடம் 1936ஆக இருந்து, இரண்டாங்கட்டு கட்டியதை மட்டும் குறித்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

பத்திரத்தின் முன்னுரையில், சொத்து இந்தச் சகோதரர்களுடைய தகப்பனாரின் சுவீகாரத் தகப்பனார் (தத்தெடுத்தவர்) வழியாக வந்தது என்று எழுதியிருக்கிறது. எங்கள் வம்சத்தில் சுவீகாரம் நடந்ததாக யாரும் சொன்னதில்லை. இதை வம்சாவளியில் எப்படிக் குறிப்பது?

பத்திரப்பெட்டி

1936ஐ ஒட்டிய சில ஆண்டுகளுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். இரண்டாங்கட்டு கட்டுமளவுக்குப் பணம் தேவைப்பட்டிருந்தால், நிலத்தை ஈடு வைத்தோ போக்கியத்துக்கு (கடனுக்காக நிலத்தை அனுபவிக்கக் கொடுப்பது) விட்டோ பதிவு செய்திருக்க வாய்ப்பு உண்டு. அந்தப் பத்திரத்தில் கடன் வாங்கிய காரணத்தையும் எழுதுவது வழக்கம்.

ஏழாம் தலைமுறை

சுவீகாரம் தெரியவந்தது உங்கள் தேடலில் கிடைத்த மிகப் பெரிய செய்தி என்று நினைக்கிறேன், ஏனென்றால் இப்போது உங்களுக்கு இரண்டு வம்சாவளிகள் இருக்கின்றன. வீடும் நிலமும் வந்த வழி ஒன்று; பிறப்பு வந்த வழி மற்றொன்று. இரண்டையும் முழு மரியாதையோடு வரையுங்கள். சுவீகாரம் சென்றவர் பெரும்பாலும் பங்காளி வீட்டுப் பிள்ளையாகவோ நெருங்கிய உறவாகவோ இருப்பார், ஆனால் அதை ஊகமாக மட்டும் வைத்துக்கொண்டு தேடுங்கள். கணவர் இறந்தபின் மனைவி சுவீகாரம் எடுத்ததும் உண்டு. அப்படியானால் சுவீகாரப் பத்திரத்தில் அந்த அம்மாளின் பெயர் கட்டாயம் இருக்கும். நீங்கள் தேடும் பெண் பெயர்களில் மிகப் பழையது அதுவாகவே இருக்கக்கூடும்.

பாண்டிய நாட்டிலிருந்து வந்த கதைக்கு நேரடி ஆதாரம் கிடைப்பது அரிது. அதைச் சோதிக்க என்னிடம் உள்ள சிறந்த வழி குலதெய்வம். குடும்பம் தஞ்சையிலும் குலதெய்வம் தெற்கே மதுரை, இராமநாதபுரம் பக்கத்திலும் இருந்து, அந்தக் கோயிலில் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கொடுப்பது) கொடுக்கும் உரிமையும் இருந்தால், கதைக்கு வலுச் சேர்கிறது. அந்தக் கோயிலின் தலைக்கட்டுக் கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பிரிந்துபோன பங்காளிக் கிளைகள் அந்த நோட்டில் ஒன்றாக நிற்கும். குலதெய்வம் பக்கத்து ஊரிலேயே இருந்தால் கதையைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. பெரியப்பா சொன்னது என்று அவர் பெயரோடும், சொன்ன நாளோடும் எழுதிவிட்டு, ஆதாரம் கிடைக்கவில்லை என்பதையும் அதன் கீழேயே எழுதுங்கள்.

ஒரே பெயர் மாறி மாறி வருவது, பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் நம் வழக்கத்தின் விளைவு. பெயரை மட்டும் வைத்து அந்த ஆட்களைப் பிரிக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் தகப்பன் பெயர், மனைவி பெயர், உடன்பிறந்தார், உயிரோடு இருந்ததாக ஆவணம் காட்டும் முதல் ஆண்டு, கடைசி ஆண்டு ஆகியவற்றைத் தனித் தாளில் எழுதுங்கள். கையெழுத்தும் உதவும்: ஒரு பத்திரத்தில் கைநாட்டு வைத்தவரும், அடுத்த பத்திரத்தில் தெளிவாகக் கையெழுத்திட்டவரும் ஒரே ஆளாக இருக்க வாய்ப்புக் குறைவு. உங்கள் குடும்பத்தில் திதி கொடுக்கும் வழக்கம் இருந்தால், தந்தை வழியில் மூன்று தலைமுறையும் தாய் வழியில் மூன்று தலைமுறையும் பெயர் சொல்லியே கொடுப்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி வைத்திருப்பார்கள். பட்டியலில் தலைமுறை இரட்டித்திருந்தால் அங்கே அது வெளிப்பட்டுவிடும்.

பெண்களைப் பற்றி நீங்கள் கேட்டதற்காக உங்களை மதிக்கிறேன். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முந்தைய பாகப்பிரிவினைகளில் மகள்களுக்குப் பங்கு இல்லாததால் அவர்கள் பெயரே வராது. ஆகவே பாகப்பிரிவினையில் தேடாதீர்கள். பெண்ணுக்கு மஞ்சள்காணியாகக் கொடுத்த நிலத்தின் பத்திரம், விதவைக்கு ஜீவனாம்சம் ஒதுக்கிய ஏற்பாடு, உயில், மைனர் பிள்ளைக்குத் தாய் கார்டியனாக நின்று எழுதிய பத்திரம் ஆகியவற்றில் தேடுங்கள். பத்திரத்துச் சாட்சிகளில் வேற்றூர்க்காரர் இருந்தால் அவர் சம்பந்தியாகவோ மைத்துனராகவோ இருக்கக்கூடும். அந்த ஊரில் போய்க் கேட்டால், உங்கள் வீட்டுக்கு வாழ வந்த பெண்ணின் பெயர் பிறந்த வீட்டில் நினைவில் இருக்கும். குடும்பத்தில் பாகத் தகராறு நீதிமன்றம் வரை போயிருந்தால், அந்தத் தீர்ப்பிலும் வழக்குரையிலும் வம்சாவளி அட்டவணையே இணைக்கப்பட்டிருக்கும். எதிர்த்தரப்பினர் சரிபார்த்து மறுக்க வாய்ப்பிருந்த அட்டவணை என்பதால், வீட்டில் எழுதி வைத்த வம்சாவளியைவிட நான் அதை அதிகம் நம்புவேன்.

வாய்க்கால்கரை

இதுவரை வந்த பதில்கள் எல்லாம் பயனுள்ளவை. ஆனால் ஒரு தரப்பு முழுவதும் விடுபட்டிருக்கிறது. தஞ்சைப் பகுதியில் நிலமுள்ள குடும்பத்தின் வீடு என்றால், அந்த வீட்டை நிற்க வைத்த நெல்லை விளைவித்தவர்கள் வேறு தெருவில் வாழ்ந்தார்கள். என் தாத்தா அப்படிப் பண்ணையாளாக இருந்தவர். எங்கள் குடும்பத்தில் பத்திரம் இல்லை, ஓலை இல்லை. எங்கள் முன்னோரின் பெயர் எழுத்தில் இருக்கிறதென்றால், அது நிலம் வைத்திருந்தவர் வீட்டுக் கணக்கு நோட்டில்தான் இருக்கும்.

உங்கள் வீட்டில் நெல் அளந்த கணக்கு, கூலிக் கணக்கு, குத்தகைச் சீட்டு இவற்றில் எது கிடைத்தாலும் தூக்கி எறியாமல், அதில் உள்ள பெயர்களையும் உங்கள் வரலாற்றில் சேருங்கள். அரசு ஆவணங்களிலும் சில வழிகள் உண்டு. 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் எழுந்த தகராறு மனுக்களில் இரு தரப்பின் பெயரும் இருக்கும். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேடு தயாரானது. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, மற்றவர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்தக் குடியிருப்பு மனை சொந்தமானது. உங்கள் குடும்ப நிலத்தில் அப்படி மனை பெற்றவர்கள் இருந்தால், அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள். இரண்டாங்கட்டு எழுந்தபோது மண் சுமந்தவர்களின் பிள்ளைகள் அங்கே இருக்கலாம். எந்த ஆண்டு என்று உங்கள் பங்காளிகளைவிட அவர்கள் தெளிவாகச் சொல்லவும் கூடும்.

மேலத்தெரு

ஐயா, நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பரணில் நெல் கணக்கு நோட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஆட்களின் பெயர்களும் மரக்கால் கணக்கும் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படம் எடுத்து, பெயர்களைத் தனியே எழுதப் போகிறேன். அந்தப் பெயர்கள் இன்று யார் யாருடைய முன்னோர் என்று தெருவில் விசாரித்து, கேட்பவர்களுக்குப் பிரதி கொடுப்பேன்.

கடைசியாக ஓலைக் கட்டைப் பற்றி ஒரு கேள்வி. அதைப் பிரிக்கலாமா?

பத்திரப்பெட்டி

ஒட்டிக்கொண்டிருந்தால் கையால் பிரிக்காதீர்கள், தண்ணீர் படவே கூடாது. தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையிலோ சரசுவதி மகால் நூலகத்திலோ கேட்டால், அதைச் சுத்தம் செய்து படிக்க உதவி கிடைக்கும். ஓலைகள் இப்போது இருக்கும் வரிசையை மாற்றாமல் அப்படியே படம் எடுத்துவிட்டுக் கொண்டு போங்கள். காகிதப் பத்திரங்களை லேமினேஷன் செய்ய வேண்டாம், செலோபேன் டேப்பும் ஒட்ட வேண்டாம். இரண்டும் காகிதத்தைக் கெடுத்துவிடும். மடிப்பு நீங்கும்படி விரித்து, அமிலமில்லாத உறையில் வையுங்கள்.

ஓலை என்றதும் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். வீடுகளில் கிடைப்பவற்றில் சோதிடம், வைத்தியம், கடன் கணக்கு ஆகியவையே அதிகம். கடன் கணக்காக இருந்தால் உங்களுக்கு நல்லது: அதில் ஆண்டின் பெயர், ஆளின் பெயர், தகப்பன் பெயர் மூன்றும் சேர்ந்து வரும்.